ஒரு ஃப்ளாக் போட்டு, ரெண்டு ஈவென்ட் அனுப்பினால் போதுமாம்

"இந்த ஃபீச்சரை ஒரு ஃப்ளாக்குக்குப் பின்னாடி வச்சிடுங்க, கையோட ரெண்டு ஈவென்ட்டும் போட்டுடுங்க, அரை நாள் வேலைதானே?" மீட்டிங்கில் இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஃப்ளாக் என்றால் ஆப்பில் ஒரு ஃபீச்சரைத் தூரத்திலிருந்தே ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்; ஈவென்ட் என்றால் பயனர் எதைப் பார்த்தார், எதைத் தட்டினார் என்று ஆப் அனுப்பும் குறிப்பு. அரை நாளாம்! அந்த வரியை எழுத அரை நிமிஷம் போதும். அதற்கப்புறம் வருகிற தலைவலிக்குத்தான் எங்கள் வேலைப்பட்டியலின் எந்த டிக்கெட்டிலும் இடம் கிடையாது.

வெப் என்றால் சர்வரில் மாற்றினால் முடிந்தது. மொபைலில் வெளியே போன பில்ட் (ஆப்பின் ஒரு வெர்ஷன்) போனதுதான், அப்டேட் செய்யாதவர்களின் போனில் அது மாதக்கணக்கில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், நாம் டேஷ்போர்டில் அழித்துவிட்ட ஃப்ளாக்கின் மதிப்பு என்ன என்று தினமும் கேட்டுக்கொண்டே இருக்கும். நெட் இல்லாமல் முதல் முறை ஆப்பைத் திறந்தால் ஃப்ளாக் ஆனா, ஆஃபா, எந்த டிஃபால்ட்? கேட்டால் எல்லோரும் சீலிங்கைப் பார்க்கிறார்கள். ஃப்ளாக் மதிப்புகளை ஆப்புக்கு அனுப்பும் கூகுளின் ஃபயர்பேஸ் ரிமோட் கான்ஃபிக்கில் நாமாக மாற்றாவிட்டால் ஆப் 12 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புது மதிப்புகளை இறக்கும். இதை முதலிலேயே சொல்லி, எழுதியும் வைத்தாலும், பிரச்சினை வந்த அன்று "ஆஃப் பண்ணிட்டேனே, இன்னும் ஏன் தெரியுது?" என்று என்னிடமே வந்து கத்துகிறார்கள். சரி, உடனுக்குடன் மாற்றலாம் என்றால், பயனர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரீன் மாறிப்போகும். அதுவும் என் தப்புதான்.

டெஸ்டிங் பற்றிப் பேசவே வேண்டாம். பத்து ஃப்ளாக் இருந்தால் 1,024 சேர்க்கைகள். நாங்கள் சோதிப்பது ரெண்டு: எல்லாம் ஆன், எல்லாம் ஆஃப். பயனர்கள் மிச்சத்தில் வாழ்கிறார்கள்.

ஈவென்ட் கதை இதைவிட மோசம். ஈவென்ட்டுகளை எண்ணிக் காட்டும் ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ், ஈவென்ட் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்கும். ஆண்ட்ராய்டில் ஒருவர் சிறிய எழுத்தில் ஆரம்பிப்பார், ஐஓஎஸ்ஸில் இன்னொருவர் பெரிய எழுத்தில் ஆரம்பிப்பார், ஒரே பட்டன் ரிப்போர்ட்டில் ரெண்டாக நிற்கும். ஆண்ட்ராய்டில் போனைச் சாய்த்தால் ஆக்டிவிட்டி, அதாவது அந்த ஸ்கிரீன், மறுபடி உருவாகும், அது உருவாகும்போது ஓடும் ஆன்கிரியேட்டில் ஈவென்ட்டைப் போட்டிருந்தால் ஒரே ஆள் ரெண்டு தடவை பார்த்ததாகக் கணக்கு ஏறும். அப்புறம் "இந்த ஸ்கிரீனுக்கு நல்ல வரவேற்பு" என்று ஒரு ஸ்லைடு.

என்னால் தாங்கவே முடியாதது ஏ/பி டெஸ்ட், அதாவது பயனர்களை ரெண்டு குழுவாகப் பிரித்து, ஏ குழுவுக்குப் பழசையும் பி குழுவுக்குப் புதுசையும் காட்டி ஒப்பிடுவது. ஃப்ளாக்கை ஆப் திறந்தவுடனே படித்து, அந்த இடத்திலேயே "இவர் பி குழுவில் இருக்கிறார், புதுசைப் பார்த்துவிட்டார்" என்று ஈவென்ட் அனுப்பச் சொல்கிறார்கள், ஏனென்றால் அதுதான் சுலபம். புது பட்டன் இருப்பதோ பணம் கட்டும் ஸ்கிரீனில். அங்கே போகாமலே ஆப்பை மூடியவர்கள்தான் அதிகம். அவர்கள் எல்லோரும் ரெண்டு குழுவிலும் சேர்ந்துவிட, உண்மையான வித்தியாசம் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகிறது, கடைசியில் "பெருசா மாற்றம் ஒண்ணும் இல்லை" என்று நல்ல ஃபீச்சரைத் தூக்கிப் போடுகிறார்கள். ஸ்கிரீன் கண்ணில் படும்போது மட்டும் ஈவென்ட் அனுப்பலாம் என்று சொன்னால், "அடுத்த ஸ்பிரிண்ட்ல பார்ப்போம்." எத்தனை ஸ்பிரிண்ட் ஐயா?

சோதனை முடிந்தபிறகாவது ஃப்ளாக்கை எடுக்கிறோமா? போடுவதற்கு டிக்கெட் உண்டு, எடுப்பதற்குக் கிடையாது. கேட்டவர் வேறு டீமுக்குப் போய்விடுவார், ஃப்ளாக் ஆனா, ஆஃபா என்று பார்க்கும் அந்த 'இஃப்' வரி மட்டும் கோடில் அங்கேயே உட்கார்ந்திருக்கும், பின்னால் ஒரு செத்த ஸ்கிரீனைச் சுமந்துகொண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்தது இதுதான். கைவிட்ட பழைய கோடின் ஃப்ளாக்கைப் புது வேலைக்கு மறுபடி பயன்படுத்தினார்கள், எட்டு சர்வரில் ஒன்றில் மட்டும் புது கோடு போய்ச் சேரவில்லை, அங்கே பழையது உயிர் பெற்றுத் தாறுமாறாக ஆர்டர் அனுப்பியது. சுமார் 45 நிமிஷத்தில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அவர்களுக்கு விடுபட்டது ஒரு சர்வர். நமக்கு, அப்டேட் செய்யாத ஒவ்வொரு போனும் அந்த எட்டாவது சர்வர்தான்.

இதையெல்லாம் விளக்கி முடித்தபிறகு போன மீட்டிங்கில் வந்த கேள்வி: "அந்தப் பழைய ஃப்ளாக் சும்மாதானே கிடக்குது, புது ஃபீச்சருக்கு அதையே வச்சுக்கலாமா?"