வாரத்துக்கு 8 மணித்தியாலம்

போன தை மாதம் ஒரு திங்கட்கிழமை, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் அம்மாவின் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். சுவிஸில் இருக்கும் தம்பி வீடியோவில் வந்தான். அங்கே இன்னும் விடியவில்லை. இடது மணிக்கட்டில் கழுத்துத் துண்டைச் சுற்றி, அதற்கு மேலே ஒரு கரண்டியை வைத்துக் கட்டியிருந்தான்.

"ஒண்டுமில்லை அண்ணை, நேற்றுக் கோயிலுக்கு வெளிக்கிட்டனான். வாசல் ஐசில வழுக்கிப்போட்டுது."

"டொக்டரிட்டப் போனியோ?"

"போகோணும். பில்லை நினைக்கத்தான் பயமா இருக்கு."

என் பக்கத்து வாங்கில் தருமபுரத்திலிருந்து வந்த ஒரு ஐயா இருந்தார். வேலி அடைக்கும்போது கத்தி பட்டு விரல் பிளந்திருந்தது. நாள் கூலிக்கு வேலை செய்கிற மனிதர். அவரிடம் எந்த முதலாளி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று ஒருவரும் கேட்கவில்லை. துண்டு கொடுத்தார்கள், உள்ளே போனார், தையல் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு உண்டு, ஸ்கானுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதும் உண்டு. ஆனால் வேலை இல்லாதவன் என்று யாரையும் திருப்பி அனுப்பியதை நான் கண்டதில்லை. 2009 இல், யுத்தம் முடியும் நேரத்தில், புதுமாத்தளன் பள்ளிக்கூடத்துக்குள் நடந்த ஆஸ்பத்திரியில்கூட, இருந்த மருந்தை வந்த காயத்துக்குக் கட்டினார்கள். வைத்தியம் என்றால் அப்படித்தான் என்று நினைத்து வளர்ந்த சனம் நாங்கள். அதே நினைப்போடுதான் விமானமும் ஏறுகிறோம்.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே நிலையில் எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள்.

சுவிஸில் வசிக்கிற எல்லோரும் மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். போய் 3 மாதத்துக்குள் எடுக்க வேண்டும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை விபத்தில். ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்தால், வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் அந்த வேலையின் காப்புறுதி பொறுப்பு. வைத்தியச் செலவு முழுவதும் வரும். விபத்து நாளுக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தில் 80 வீதமும் வரும். 8 மணித்தியாலத்துக்குக் குறைந்தால், வேலையில் நடக்கும் விபத்துக்கும் வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் மட்டும்தான்.

தம்பி முதலில் ஒரு ரெஸ்ரோறண்டில் முழுநேரம் நின்றான். அப்போது கூட இருந்த பெடியன்கள் சொன்னார்கள்: "உனக்கு விபத்துக்கு முதலாளி போடுறார், உன்ர காப்புறுதியில அதை எடுத்து விடு, மாசம் கொஞ்சக் காசு மிஞ்சும்." அந்த நேரத்துக்கு அது சரியான யோசனைதான். அப்புறம் ரெஸ்ரோறண்ட் மூடுப்பட்டது. இப்போது மூன்று இடத்தில் துப்புரவு வேலை. ஒன்றில் 7, ஒன்றில் 6, ஒன்றில் 5. மொத்தம் 18 மணித்தியாலம். ஓர் இடத்திலும் 8 இல்லை. வேலை மாறினால் காப்புறுதிக்காரருக்கு அறிவிக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவும் இல்லை, அவன் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகும் வழியில் வழுக்கியிருந்தால் வேறு கதை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வழுக்கினான்.

நான் பிடித்துப் பேசி அன்றைக்கே போக வைத்தேன். எலும்பு வெடித்திருந்தது. சட்டப்படி அவனுடைய மருத்துவக் காப்புறுதி அதைக் கைவிட முடியாது. ஆனால் வேலை மாறிய நாளிலிருந்து கட்டாமல் விட்ட விபத்துப் பங்கை வட்டியோடு கேட்டார்கள். மாதக் கட்டணத்தைக் குறைப்பதற்காக, வருடத்தில் முதல் 2500 பிராங்கைத் தானே கட்டுகிற திட்டத்தை எடுத்திருந்தான் (ஆகக் குறைந்தது 300). ஆகவே பில்லில் பெரும்பகுதி அவன் தலையில்தான். அந்த 80 வீதச் சம்பளமும் கிடையாது. கட்டுப் போட்ட கையோடு துடைப்பம் பிடிக்க முடியுமா?

18 மணித்தியாலத்தையும் ஒரு முதலாளியிடம் செய்தவனுக்குப் பாதுகாப்பு, மூன்று பேரிடம் பிரித்துச் செய்தவனுக்கு இல்லை. உடைவது ஒரே எலும்புதான். இந்த விதி நியாயமில்லை. கிடைக்கிற துண்டு வேலைகளைப் பொறுக்கிச் செய்கிறவனுக்குத்தான் பாதுகாப்பு அதிகம் தேவை, அவனுக்குத்தான் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

மற்ற நாடுகளிலும் வேறு வேறு வடிவத்தில் இதே கதை இருக்கிறது. ஜேர்மனியில் மினிஜொப் என்ற சிறு வேலைக்கு 2025 இல் உச்சவரம்பு மாதம் 556 யூரோவாக இருந்தது. வரம்புக்குள் நின்றால் முதலாளி மருத்துவக் காப்புறுதிக்கு ஒரு பங்கு கட்டுவார், ஆனால் அந்தக் கட்டணத்தால் உங்களுக்கு மருத்துவ அட்டை வராது. கணவன் அல்லது மனைவியின் குடும்பக் காப்புறுதியிலோ வேறு வழியிலோ நீங்கள் ஏற்கெனவே இருக்க வேண்டும். தனியாகப் போய் நிற்கும் பெடியன் என்ன செய்வான்? வரம்பைத் தாண்டிப் பதிவில் வேலை செய்தால் காப்புறுதி சேர்ந்தே வரும். ஆனால் மிச்சத்தைப் பதிவில்லாமல் கறுப்பில் வாங்கினால் கையில் கூட நிற்கும் என்று பலர் அந்தப் பக்கம் போவதில்லை.

கனடாவில் ஒன்ராறியோவில், வேர்க் பெர்மிட்டோடு இருப்பவர் மாகாண மருத்துவ அட்டை எடுக்க, அங்குள்ள ஒரு முதலாளியிடம் குறைந்தது 6 மாதத்துக்கு முழுநேர வேலை இருக்க வேண்டும். அங்கே ஒரு நாள் இங்கே ஒரு நாள் என்று காசுக்கு நிற்பவருக்கு அது சரிவராது. அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு மத்திய அரசின் வேறு திட்டம் இருக்கிறது, அதற்கு வேலை தேவையில்லை. லண்டனில் வேலையைப் பார்ப்பதில்லை. ஆனால் விசாவோடு போகும் பலர் வருடத்துக்கு 1035 பவுண் மருத்துவக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டுகிறார்கள்.

வளைகுடாவை நினைத்தால்தான் எனக்கு ஆகக் கவலை. அங்கே மருத்துவ அட்டை பெரும்பாலும் விசா எடுத்துக் கொடுக்கும் ஸ்பொன்சரோடு ஒட்டியது. 'ஃப்ரீ விசா' என்று காசு கொடுத்துப் போய், ஸ்பொன்சர் ஒருவர், வேலை கொடுப்பவர் இன்னொருவர் என்று நிற்கிற பெடியன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தால், இரண்டு பேருமே "எங்கட ஆள் இல்லை" என்று கைவிரிக்க இடம் இருக்கிறது.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. தம்பி போய் 4 வருடம். நான் அவனிடம் சம்பளம் எவ்வளவு என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். எங்கள் கிணற்று மோட்டரும் முன்பக்க மதிலும் அவன் அனுப்பிய காசில் வந்தவை. "உன்ர காப்புறுதி எப்பிடி, எத்தனை மணித்தியாலம் பதிஞ்சிருக்கு" என்று ஒரு தரமும் கேட்டதில்லை. மாதக் கட்டணத்தில் சில பிராங்கை அவன் மிச்சம் பிடித்தது எங்களுக்கு அனுப்புவதற்காகத்தான் என்று இப்போதுதான் விளங்குகிறது.

பரந்தனில் பெரியம்மாவின் மகன் அடுத்த மாதம் ஜேர்மனி போகிறான். வேலை ஒழுங்கு செய்தவருக்கு நானே கோல் எடுத்தேன். முழுக்கப் பதிவிலா, அட்டை யாருடைய பெயரில், எந்த மாதத்திலிருந்து என்று கேட்டேன். "உதெல்லாம் அங்க போய்ப் பாக்கலாம்" என்றார். இல்லை, எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லி வைத்தேன். இன்னும் வரவில்லை.

தம்பி விபத்துப் பங்கைத் திரும்பச் சேர்த்துவிட்டான். 7 மணித்தியாலம் கொடுக்கிற அந்த அலுவலகத்தில் இன்னும் 1 மணித்தியாலம் கூட்டித் தரச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை பதில் சொல்வார்களாம்.