நாற்பது வெள்ளித் தண்டவாளம்

ஞாயிற்றுக்கிழமை நடந்தது ஊரில் எல்லோருக்கும் தெரியும்: தோட்டத்து மணியாக இருந்த பழைய தண்டவாளத் துண்டை நம் தாமான் (குடியிருப்பு) ஆட்கள் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் செல்ஃபி பலகை வைத்துப் படம் போட்டார்கள். அந்தப் படத்தை நான் வேறு மறுபடி போட வேண்டாம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: எடைக்குப் போடுவதற்கு முன் ஒருவரையாவது கேட்டீர்களா?

ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்து மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைத்தான் சொல்கிறேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை உடைத்தபோது நாலு பெரியவர்கள் அதை வேனில் ஏற்றிவந்து நம் தாமான் மண்டபத்துக்குப் பின்னால் வைத்தார்கள். துருப்பிடித்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பழைய இரும்புக்காரரிடம் நாற்பது வெள்ளிதான் (ரிங்கிட்) தேறியிருக்கும். அந்த இடத்தில் இப்போது நம் ஊர்ப் பெயரோடு 'ஐ லவ் பெஸ்தாரி ஜெயா', நடுவில் ஃபைபரில் சிவப்பு இதயம். பாரம்பரிய மூலையாம்! செல்ஃபி நன்றாக விழுகிறதாம்.

அம்மா இருபத்தாறு வருடம் ரப்பர் பால் வெட்டினார். ஜாகா (காவல்காரர்) வேலைக்குக் கூப்பிடத் தண்டவாளத்தை அடிக்கும்போது வெளியே கும்மிருட்டு. தம்பியைத் துணியோடு சுருட்டி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடுவார். பெரட்டுக்குப் பிந்தினால் கணக்கெழுதும் கிராணி திருப்பி அனுப்பிவிடுவார். மரம் நனைந்த நாளில் வெட்டு இல்லை, அடியும் கேட்காது. எனக்கும் தம்பிக்கும் அது கொண்டாட்டம். அம்மா மட்டும் வாசலில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை என்பது எனக்குப் புரிய ரொம்ப நாளானது.

இதைப் படித்ததும், "அடிமை மணியைக் கும்பிடச் சொல்கிறீர்களா?" என்று ஒருவர் கிளம்புவார். கும்பிட வேண்டாம் ஐயா. அடிமை மணி என்றால் அதற்காகவே அது இருக்க வேண்டும். பாட்டி எப்படி வாழ்ந்தாள் என்று பிள்ளைக்கு எதைக் காட்டிச் சொல்வீர்கள், ஃபைபர் இதயத்தையா?

இடம் இல்லையாம். பின்சுவரோரம் மூன்றடி போதும். விடுங்கள்.

"இரும்புத் துண்டெல்லாம் பாரம்பரியமா?" என்று இன்னொருவர். 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தில் நம் தண்டவாளம் இல்லைதான். துரை பங்களாவை மட்டும் வெள்ளையடித்து வைத்தால் பாரம்பரியம், நாம் தொட்டது என்றால் குப்பை. நல்ல கணக்கு.

1950-களில் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டம் வாங்கினார்கள். தாத்தா அந்தப் பங்குச் சீட்டை மைலோ டின்னில் வைத்திருந்தார், ஈயத்தாளில் சுற்றி. தோட்டத்தையே வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நாற்பது வெள்ளிக்கு விற்றிருக்கிறோம், அதுவும் கேட்காமல்.

"கூட்டத்துக்கு வராமல் முகநூலில் பேசுகிறார்" என்பார்கள். மூன்று கூட்டத்துக்கு வந்தேன். "உட்காருங்கண்ணே, பேசலாம்" என்றார்கள். பிறகு சாப்பாடு வந்துவிட்டது. சந்தா பாக்கி என்றும் யாரோ சொன்னாராம், ரசீது என்னிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுகிறேன்.

நம் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனபோதும் என்னை யாரும் கேட்கவில்லை, சரி, அது அரசாங்கம். இது நம் ஆட்கள். யூனிசெல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறோம், கார் வாங்கிவிட்டோம், அப்புறம் ஊர் ஒற்றுமை என்று குடும்ப தினத்தில் ஒரே நிறத்தில் டீ-சட்டை போடுகிறோம். பக்கத்து வீட்டுக் கிழவியிடம் "இது உங்களுக்கு வேணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் என்ன குறைந்துவிடும்?

உண்மையில் தண்டவாளம்கூட இல்லை, வாட்ஸ்அப் குழுவில் வந்த அந்த ஒரு வரிதான் எனக்குத் தாங்கவில்லை. "இன்னும் தோட்டத்துப் புத்தி போகலையா?" எழுதியவரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவரும் நானும் ஒரே ஆயாக் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிலில் கிடந்தவர்கள். அவர் அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் அடுத்தடுத்த மர நிரை.

செவ்வாய்க்கிழமை இரும்புக்கடைக்குப் போனேன். லாரி முந்தின நாளே கிள்ளானுக்குப் போய்விட்டதாம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. யாரும் அவருக்கு அந்தப் படத்தை அனுப்பிவிடாதீர்கள்.