ஆமைக்காக ஆட்டைக் கொல்லலாமா?

பசிபிக் கடலிலுள்ள கலாபகோஸ் தீவுகளுக்குப் போய்வந்த படங்களைப் பகிர்ந்த நாளிலிருந்து எல்லோரும் அங்குள்ள ராட்சத ஆமைகளைத்தான் விசாரிக்கிறார்கள். நண்பர் ஒருவர் மட்டும் கோபமாகக் கேட்டார்: "ஆமைகளைக் காப்பாற்ற லட்சம் ஆடுகளைச் சுட்டுக் கொன்றார்களாமே, இது என்ன நியாயம்?"

நியாயம்தான் என்கிறேன்.

சாண்டா குரூஸ் தீவின் மேட்டு நிலத்தில், மூடுபனிக்குள் ஓர் ஆமை மேய்ந்துகொண்டிருந்தது. அது புல்லைப் பிய்க்கும் ஓசை அத்தனை தெளிவாகக் கேட்டது. யாரோ எல்லை தாண்டி ஓரடி எடுத்து வைத்ததும் 'உஸ்' என்று மூச்சை வெளியே தள்ளித் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அந்தப் பெரிய உடம்புக்குத் தெரிந்த தற்காப்பு அவ்வளவுதான். உணவும் நீரும் இல்லாமல் மாதக்கணக்கில் உயிர் வாழும் அதன் வரமே அதற்கு வினையாகவும் முடிந்தது. திமிங்கில வேட்டைக்காரர்கள் ஆமைகளை உயிரோடு கப்பலின் அடித்தளத்தில் அடுக்கி வைத்து, வேண்டியபோது வெட்டித் தின்றார்கள்.

தப்பியவற்றின் வாயில் மண்ணைப் போட்டவை ஆடுகள். பின்டா தீவில் 1959இல் மீனவர்கள் விட்டவை மூன்றே ஆடுகள். அவை சில ஆண்டுகளிலேயே சுமார் 40,000 ஆகப் பெருகித் தீவை மொட்டையடித்தன. அங்கே 1971இல் தட்டுப்பட்ட ஒற்றை ஆமைதான் உலகமே அறிந்த 'தனிமை ஜார்ஜ்'. 2012 ஜூன் 24 அன்று அது இறந்ததோடு அந்த வம்சமே அற்றுப்போயிற்று.

ஆடுகள் மேல் குற்றமில்லை. கொண்டுவந்து விட்டவன் மனிதன். அவை சுடப்பட்டதை நினைத்தால் எனக்கும் மனம் கனக்கிறது. ஆனால் மூன்றிலிருந்து 40,000 ஆகும் என்றால், இரக்கப்பட்டு ஒரு ஜோடியை விட்டுவைத்தாலும் பட்ட பாடு அத்தனையும் வீண். அதனால்தான் இசபெலா தீவின் வடபகுதியில் சில ஆடுகளின் கழுத்தில் இருப்பிடத்தைக் காட்டும் ரேடியோ பட்டை கட்டி விட்டார்கள். அவை தம் கூட்டத்தைத் தேடிப் போக, பதுங்கியிருந்தவை பிடிபட்டன. கேட்கவே கொடுமையாக இருக்கிறது. செய்யாமல் விட்டிருந்தால் அதைவிடக் கொடுமை.

எஸ்பனியோலா தீவைப் பாருங்கள். அங்கே மிஞ்சியவை 14 ஆமைகள்: பெண் 12, ஆண் 2. அவற்றைச் சாண்டா குரூஸ் இனப்பெருக்க மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். சான் டியேகோ விலங்குக் காட்சிசாலையிலிருந்து 'டியேகோ' என்ற ஆணும் வந்து சேர்ந்தது. (பேரும் புகழும் டியேகோவுக்கு. குட்டிகளில் பாதிக்கும் மேல் இன்னோர் ஆணுடையவை என்கிறது மரபணுச் சோதனை. அதற்கு 'ஈ5' என்ற எண்தான் உண்டு!) முட்டைகளை அடைகாப்பதில்கூட எத்தனை நுணுக்கம்: 28 டிகிரியில் ஆண் பொரியும், 29.5 டிகிரியில் பெண். ஓட்டில் வண்ண எண் எழுதிய குட்டிகளைச் சில ஆண்டுகள் வளர்த்துத்தான் தீவில் விட்டார்கள். அந்த வம்சம் இன்று ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கிறது. 1978இல் அந்தத் தீவின் ஆடுகளை அடியோடு ஒழிக்காமல் இருந்திருந்தால் இத்தனை குட்டிகளும் எதைத் தின்றிருக்கும்?

ஆமை இருந்தால்தான் தீவும் தீவாக இருக்கும். கள்ளிப் பழத்தைத் தின்று விதை பரப்புவதும், புதரை மிதித்து வழி திறப்பதும் அதன் வேலை. ஆடுகள் ஒழிந்த பின் பின்டாவில் அந்த வேலைக்கு ஆளில்லை. அதனால் 2010இல் கருத்தடை செய்த 39 கலப்பின ஆமைகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அவற்றால் ஜார்ஜின் வம்சம் திரும்பாது என்று தெரிந்தேதான் செய்தார்கள்.