இனிஷியலும் பெயர்தான் சார்

போன வாரம் அப்பா போனை நீட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, என் பேர்ல ஏதோ தப்பாம், பாரு." ஒரு காப்பீட்டு ஆப். 'கடைசிப் பெயர்' கட்டத்தில் தாத்தாவின் இனிஷியல் 'எம்' மட்டும் போட்டிருக்கிறார். கீழே சிவப்பில், "சரியான பெயரை உள்ளிடவும்". புள்ளி வைத்துப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் அவர் பெயரையே இரண்டு தடவை அடித்துத்தான் உள்ளே போனோம். நாளைக்கு கிளைம் கேட்டால், ஆதாரில் இருக்கிற பெயரும் இதுவும் ஒத்துவரவில்லை என்பார்கள்.

வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. நானும் ஃப்ளட்டர் என்ற கருவியில் ஆப் எழுதிப் பிழைக்கிறவன். 'குறைந்தது இரண்டு எழுத்து' என்ற விதியை யாரும் கேட்காமலே எத்தனையோ ஆப்பில் எழுதியிருக்கிறேன்.

தமிழில் அடித்தால் கதை இன்னும் மோசம். ஏ முதல் இசட் வரை மட்டும் என்று ஃபில்டர் போட்டிருந்தால் கீபோர்டைத் தட்டத் தட்ட கட்டம் காலியாகவே இருக்கும், ஏனென்றும் சொல்லாது. சரி, எல்லா மொழி எழுத்தும் வரட்டும் என்று ரெகெக்ஸில் (எந்த எழுத்துகள் வரலாம் என்று சொல்லும் சூத்திரம்) யூனிகோடின் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் பொதுப் பட்டியல்) 'எழுத்து' வகையைக் கொடுத்தாலும் 'கார்த்திக்' தேறமாட்டார். துணைக்காலும் புள்ளியும் யூனிகோடு கணக்கில் எழுத்து அல்ல, 'குறி' என்ற தனி வகை. அதையும் சேர்த்தால்தான் நம் பெயர்கள் உள்ளே வரும். நீளத்திலும் இதே வம்பு. 'கார்த்திக்' நமக்கு 5 எழுத்து, ஐபோன் ஆப் எழுதும் ஸ்விஃப்ட் மொழியும் 5 என்றுதான் எண்ணும், ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் கோட்லினில் லெங்த் (நீளம்) கேட்டால் குறிகளையும் தனியாக எண்ணி 10 என்னும்.

போன் நம்பர் கட்டத்தை எல்லோரும் சுலபம் என்று நினைக்கிறோம். கான்டாக்ட்டிலிருந்து +91 உடன் காப்பி செய்து பேஸ்ட் செய்து பாருங்கள். எண் அல்லாததை வடிகட்டிவிட்டுப் பத்தோடு வெட்டினால், 91-உம் நம்பரின் முதல் எட்டு இலக்கமும் மிஞ்சும். 9-இல் தொடங்குகிறது, பத்து இலக்கம் இருக்கிறது, வேலிடேஷனும் பாஸ். ஓடிபி மட்டும் வேறு யாருக்கோ போகும். முன்னால் இருக்கிற 91-ஐக் கழற்ற இரண்டு வரி கோடு போதும்.

வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி கோடும் இப்படித்தான். 11 இடத்தில் ஐந்தாவது எப்போதுமே பூஜ்யம். அங்கே ஆங்கில 'ஓ' வந்தால் நாமே மாற்றிக்கொள்ளலாமே, "தவறான கோடு" என்று எதற்கு அதட்ட வேண்டும்?

அப்புறம், முதல் எழுத்தை அடித்த உடனே "இமெயில் தவறு" என்று சிவக்கிற கட்டங்கள். மனுஷன் இன்னும் அடித்து முடிக்கவில்லை ஐயா! கட்டத்தை விட்டு நகர்ந்த பிறகு சரிபார்க்கிற வசதி ஃப்ளட்டரிலேயே இப்போது இருக்கிறது.

நேற்று எங்கள் ஆப்பில் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் தூக்கிவிட்டு 'பெயர்' என்று ஒரே கட்டம் வைத்தேன். சாயங்காலமே டெஸ்டிங் குழுவிலிருந்து ஒரு புகார் டிக்கெட்: "ஒற்றை எழுத்தையும் ஏற்கிறது, பக்." அப்பாவின் ஸ்க்ரீன்ஷாட்டை இணைத்து மூடிவிட்டேன்.