சிரிக்கிறதென்றால் எல்லாத்துக்கும் சிரியுங்க

பேசாம இருந்திடலாம் என்றுதான் நினைச்சேன். நேற்று இரவு அந்த வீடியோ எங்கட பழைய மாணவிகள் வட்ஸ்அப் குழுவுக்குள்ளயும் வந்து விழுந்தது. கீழ கண்ணீர் வரச் சிரிக்கிற முகங்கள் வரிசையா. அதுக்குப் பிறகு பொறுக்க முடியல்ல.

எந்த வீடியோ என்று கேட்காதீங்க, எல்லாரும் பார்த்தாச்சு. உள்ளூராட்சி சபை ஒன்றின் புதுத் தவிசாளரின் கடமையேற்பு. ஐயர் தேவாரத்தில இரண்டாவது அடிக்குப் போகும்போது அறிவிப்பாளர் பொடியன் பக்கத்தில வந்து நின்று கையைக் காட்டுறான். ஐயர் ஒருக்கா மைக்கைப் பார்க்கிறார், ஒருக்கா அவனைப் பார்க்கிறார், மிச்சத்தை அப்படியே விழுங்கிவிட்டு "நன்றி, வணக்கம்" என்று இறங்குறார். அதுக்கு வடிவேலு குரலைச் சேர்த்து வெட்டி ஒட்டி விட்டிருக்கிறாங்க. சபையின் பெயரையும் கட்சியின் பெயரையும் நான் இங்க எழுதப் போறதில்ல. எந்தக் கட்சி வந்தாலும் இந்த மேடை இப்படித்தான். அந்தப் பொடியன் மேலயும் எனக்குக் கோபமில்ல, அவனுக்குப் பின்னால யாராவது மணிக்கூட்டைக் காட்டியிருப்பாங்க.

என்ட கோபம் சிரிச்ச ஆட்கள் மேல. அதே நிகழ்வின் முழுப் பதிவும் இருக்கு, போய்ப் பாருங்க. பௌத்த பிக்குமார் பிரித் ஓதி முடியிறவரைக்கும் ஒருத்தரும் அசையல்ல. பிறகு கையெழுத்து வைக்கிற சுப நேரம் வரவில்லை என்று பேனையைப் பிடிச்சுக்கொண்டு எல்லாரும் கூரையைப் பார்த்தபடி நிற்கிறாங்க. அதுக்கு ஒரு மீம் வந்ததா? ஒரு ஹாஹா? எங்கட ஐயர் ஒரு தேவாரம் தொடங்கினதும்தான் உங்களுக்கெல்லாம் பகுத்தறிவு கண் முழிக்குது.

பிரித்துக்குச் சிரியுங்க என்று நான் சொல்லல்ல. மரியாதையா இருந்தீங்க, நல்ல விசயம், அப்படித்தான் இருக்க வேணும். அதில பாதி மரியாதை அடுத்த ஆளுக்கும் மிச்சம் வைச்சிருக்கலாம் என்றுதான் சொல்றேன்.

"ஐயரும் நீட்டினவர்தானே" என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். நீட்டினவராம்! ஒரு பதிகத்துக்கு வழக்கமாப் பத்து, பதினொரு பாட்டு. அவர் தொடங்கினது ஒன்று. அதிலயும் பாதி.

"அரச நிகழ்வில மதம் எதுக்கு?" என்று கேட்கிற தோழர்களுக்கு வாறேன். கேள்வி நியாயமானது. எந்த மதமும் வேண்டாம், வந்து கையெழுத்தை வைச்சுவிட்டு வேலையைத் தொடங்குங்க என்று யாராவது உண்மையாவே சொன்னால் நான் முதல் ஆளா லைக் போடுவேன். ஆனா நீங்க அதைச் சொல்லல்லையே. 1972 இலங்கை அரசியலமைப்பில பௌத்தத்துக்கு முதன்மையான இடம் என்று எழுதினாங்க, 1978இல அது 9ஆம் உறுப்புரையா வந்து இன்றைக்கும் அங்கயேதான் இருக்கு. 2019 நவம்பரில ஒரு ஜனாதிபதி பதவிப் பிரமாணம் எடுத்தது அநுராதபுரத்தில, ருவன்வெலிசாய தூபியில. 2022 யூலையில பாராளுமன்றத்தில வென்ற கையோட அடுத்த ஜனாதிபதி போய் நின்றது கொழும்பு கங்காராமை விகாரையில. சித்திரைப் புத்தாண்டுக்கு எத்தனை மணிக்கு அடுப்பு மூட்ட வேணும் என்று அரசாங்கமே நேரம் குறிச்சுத் தருது. அப்பெல்லாம் உங்கட மதச்சார்பின்மை லீவில போயிருந்ததா? பெரிய வீட்டுக் கதவைத் தட்டப் பயம், அதால சின்ன வீட்டுக் கதவை உதைக்கிறது.

இதில ஒரு தோழர், 2025 ஜனவரியில வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில பிஷப் மரியான் பட்டி, ட்ரம்ப்பை முன்னால வைச்சுக்கொண்டு குடியேறிகளிட்ட இரக்கம் காட்டுங்க என்று பேசினதைப் போட்டு, "இதுதான் ஆன்மீகத் துணிச்சல்" என்று பக்கம் பக்கமா எழுதினவர். அதுவும் பதவியேற்புக்கு அடுத்த நாள் நடந்த வழிபாடுதான் தோழர். அமெரிக்காவில நடந்தால் துணிச்சல், கொழும்பில நடந்தால் கொமெடியா?

சில வருசத்துக்கு முதல் நான் வேலை செய்த இடத்தில புதுக் கிளை ஒன்று திறந்தாங்க. சேவல் வைச்ச பித்தளைக் குத்துவிளக்கு, தேங்காயெண்ணெய், மேசையில கிரிபத், கொக்கிஸ், எல்லாம் ஒழுங்கு. பன்சலையில இருந்து பிக்குமார் வந்தாங்க, ஃபாதர் வந்தார். ஐயரைக் கூப்பிட மறந்து போச்சாம். மெடம் ஒருவர் என்னட்ட வந்து, "நீங்க தமிழ்தானே, ஏதாவது ஒன்று பாடுங்களேன்" என்றா. ஏதாவது ஒன்று! சரி, அம்மா அடிச்சுப் பாடமாக்கின தேவாரம் இருக்கு, பாடினேன். நான் வாயைத் திறந்ததும் பின்னால தேத்தண்ணித் தட்டு வெளிக்கிட்டது. கோப்பையும் பீரிசும் முட்டுற சத்தம். சீனி போட்டதா போடாததா என்று ஒருத்தர் கேட்கிறது எனக்கு மேடையில கேட்குது. முன்வரிசையில இருந்தவர் போனில கதைக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்துக்கு முதல்தான் இதே ஆட்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கை கூப்பி இருந்தவங்க. நான் கடைசி வரி வரைக்கும் பாடிவிட்டுத்தான் மைக்கைக் குடுத்தேன். பின்னேரம் அம்மாட்ட சொன்னேன். "முழுசாப் பாடினியா?" என்று மட்டும் கேட்டா.

அந்த ஐயருக்கு முழுசாப் பாடக் கிடைக்கல்ல. உங்களுக்கு அது பகிடி.

அதே மேடையில மௌலவி ஓதின துஆவுக்கு, அவங்கட பிரார்த்தனைக்கு, வந்த கொமென்ட்களை இங்க எழுத எனக்குக் கை வரல்ல. "என்ன ஓதுறார் என்று யாருக்கு விளங்குது" என்கிறதுதான் அதில ஆகக் குறைஞ்ச மோசம். பிரித் ஓதின பாளி உங்களுக்கு விளங்கினதா? எங்கட ஐயர் சொல்ற சமஸ்கிருத மந்திரம் எனக்கு விளங்குதா? இவ்வளவு நாளும் விளங்கித்தான் கும்பிட்டோமா? மேடையில ஒரு துஆவுக்கு இடம் தாறது இந்த நாட்டுக்குப் பெரிய விசயமே இல்ல. கொரோனாவில செத்த முஸ்லிம் சனத்தை 2020 ஏப்ரல் தொடங்கி அடுத்த பெப்ரவரி வரைக்கும் கட்டாயமா எரிச்சாங்களே, அவங்களுக்கு ஆறடி மண் தாறதுதான் கஷ்டமா இருந்தது. கடைசியில கிழக்கில இருக்கிற ஓட்டமாவடிக்குக் கொண்டு போய் அடக்கச் சொன்னாங்க. விசயம் எங்கயோ போகுது என்று தெரியும். போகட்டும்.

"முதல்ல வடிகானைத் துப்புரவாக்குங்க, பிறகு சாமி கும்பிடலாம்" என்கிறவங்களுக்கு ஒரே பதில்தான். குப்பையைப் பற்றிக் கொழும்பு வடக்கில பிறந்தவளுக்குப் பாடம் வேண்டாம். கொழும்புக்குப் பக்கத்தில மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிஞ்சது 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்றைக்கு. முப்பது பேருக்கு மேல புதைஞ்சு செத்தாங்க. ஐயர் தேவாரம் பாடினதாலயா குப்பை அள்ளுப்படாமக் கிடந்தது?

எனக்கு ஆகவும் நொந்தது வேறொன்று. வெளிநாட்டில இருக்கிற அண்ணா ஒருவர், நல்லாத் தெரிஞ்சவர், எழுதுறார்: "அந்த மேடையில போய் நின்றதே கேவலம். கொழும்புத் தமிழர் குனிஞ்சே பழகிட்டாங்க." அதுக்கு நூறு பேர் ஆமாம் போடுறாங்க.

அண்ணா, நாங்க குனிஞ்ச கதையை நீங்க சொல்ல வேண்டாம். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில தங்கியிருந்த தமிழரை விடியக்காலையில எழுப்பி பஸ்ஸில ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினாங்க, 376 பேர். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் நிறுத்தினாங்க. அப்பவும் நாங்க இங்கதான் இருந்தோம். பொலிஸ் பதிவுத் துண்டைப் பேர்ஸில வைச்சுக்கொண்டு வேலைக்குப் போனோம். ஆடிவேல் திருவிழாவுக்குச் செட்டியார் தெருவில இருந்து பம்பலப்பிட்டிக்கு ரதம் காலி வீதியால போகுது, அதை இழுக்கிறதும் குனிஞ்ச ஆட்கள்தான். எங்கட அம்மா செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடை அந்தோனியாரிட்ட மெழுகுதிரி கொளுத்திவிட்டு, பொன்னம்பலவாணேசரையும் கும்பிட்டுத்தான் வீட்டுக்கு வருவா. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தோனியார் கோயிலைத் திருத்தித் திரும்பத் திறந்ததும் முதல் கிழமையே போனா. யாரிட்டயும் தைரியம் கடன் வாங்கிப் போகல்ல. நீங்க அங்க இருந்துகொண்டு கேவலம் என்கிற மேடைக்கு ஐயர் போகாவிட்டால், "தமிழரைக் கூப்பிடவே இல்ல" என்று பதிவு போடப் போறதும் நீங்கதான். போனாலும் குற்றம், போகாவிட்டாலும் குற்றம்.

சிங்கள நண்பர்கள் சிரிச்சது கூட எனக்கு இவ்வளவு சுடல்ல. சில பேர் உள்பெட்டியில வந்து, "பாவம் அந்த சுவாமி" என்று சொல்லிவிட்டும் போனாங்க. அந்த வடிவேலு குரலை ஒட்டினது யார்? தமிழ் தெரிஞ்ச ஆள்தானே?

"ஒரு வீடியோவுக்கு ஏன் இவ்வளவு?" என்று இப்ப யாராவது தொடங்குவீங்க. தொடங்குங்க. மேடையில பிரித் வந்தால் கலாசாரம், துஆ வந்தால் பயம், தேவாரம் வந்தால் பகிடி என்று இருக்கிறவரைக்கும் நானும் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

மற்றது, போன மாதம் வெள்ளவத்தை வீட்டுக் குடிபூரலுக்கு நல்ல ஐயர் வேணும், நிதானமா முறையாச் செய்யிறவரா இருக்க வேணும் என்று என்னட்ட நம்பர் கேட்டு வாங்கின தம்பி, அந்த வீடியோவில இருக்கிறது அவர்தான். நீங்க போட்ட சிரிப்பை முதல்ல எடுத்துவிடுங்க. உங்கட பால் காய்ச்சிற படத்துக்கு நான் லைக் போட்டது இன்னும் அங்கதான் கிடக்கு.