அப்பாவின் பெயரில் பிழை இல்லை

லாஸ்ட் நேம், அதாவது குடும்பப் பெயர், இல்லாத ஓர் அம்மாவின் பெயரை ஆன்லைன் படிவம் ஒன்று ஏற்க மறுத்த அந்த ஸ்க்ரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுபடியும் இங்கே போடவில்லை; அந்த அம்மாவின் பெயர் ஏற்கெனவே வேண்டிய அளவு ஊர் சுற்றிவிட்டது. இரண்டு நாளாக என் மனத்தை அறுப்பது ‘இன்வேலிட் நேம்’ என்ற அந்தச் சிவப்பு எழுத்துகூட இல்லை. அதன் கீழே நம் மென்பொருள் துறைக்காரர் ஒருவர் எழுதியிருந்தாரே, “லாஸ்ட் நேம் பெட்டியில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, இதற்கு ஏன் இவ்வளவு அழுகை?” என்று. அதுதான். அதற்குச் சிரித்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

பிழை அந்த அம்மாவின் பெயரில் இல்லை. படிவத்தில் இருக்கிறது. அந்தப் படிவத்தை எழுதியது நம்மைப் போன்ற ஒருவர்.

நம்மைப் போன்ற என்று சும்மா சொல்லவில்லை. 2011இல் சென்னை ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே அப்படி ஒன்று எழுதினேன். லாஸ்ட் நேம் கட்டாயம், குறைந்தது மூன்று எழுத்து. டெஸ்டிங்கில் இருந்த நாகர்கோவில் அக்கா ஒருவர், “என் பெயரையே எடுக்க மாட்டேன் என்கிறது தம்பி” என்று ஒரு பக், அதாவது பிழைப் புகார், போட்டார். ‘வொர்க்ஸ் அஸ் டிசைன்டு’, நினைத்தபடிதான் வேலை செய்கிறது என்று எழுதி மூடிவிட்டேன். அக்கா அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் டீக்கு வழக்கம்போலக் கூப்பிட்டார். நானும் போனேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

புள்ளி வைத்துவிட்டுப் போவதன் விலை என்ன என்று எனக்குத் தெரியும். அலுவலகக் காப்பீட்டில் அப்பாவைச் சேர்த்தபோது லாஸ்ட் நேம் இல்லாமல் அந்தப் பக்கம் நகரவே இல்லை. நானும் புத்திசாலித்தனமாக ‘மாடசாமி மாடசாமி’ என்று அடித்துவிட்டேன். ஆதாரில் அவர் ச மாடசாமி. பான் அட்டையில் முதலெழுத்தை அப்படியே வைக்க முடியாது, விரித்து எழுத வேண்டும். அதனால் அங்கே மாடசாமி சண்முகவேல். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்தே லாஸ்ட் நேமின் முதல் எழுத்துதான். ஆக, அப்பாவின் வரிக் கணக்குக்குள் என் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். ஒரே மனிதருக்கு மூன்று பெயர். மூன்றில் ஒன்றைக்கூட அவர் கேட்டு வாங்கவில்லை.

மதுரையில் ஒரு மருத்துவமனை. டிஸ்சார்ஜ் என்று மதியமே சொல்லிவிட்டார்கள். பெயர் பொருந்தவில்லை என்று காப்பீட்டுக்காரர்களிடமிருந்து கேள்வி வந்தது. பதில் போட்டோம், மறுபடியும் கேள்வி. இரவு ஒன்பது மணி வரை அப்பா சக்கர நாற்காலியிலேயே இருந்தார். கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி பாதி உரிந்து தொங்கியது, அதை இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டே கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டார்: “ஏம்மா, என் பேர்ல என்னம்மா தப்பு?” கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் 31 வருடம் வருகைப் பதிவேட்டில் ச. மாடசாமி என்று கையெழுத்துப் போட்டவர். ஒரு நாள்கூட யாரும் தப்பு என்று சொன்னதில்லை.

“உலகத் தரம் அப்படித்தான் இருக்கிறது, வெளிநாட்டு க்ளையண்ட் கேட்கிறான்” என்பீர்கள். எந்த உலகம்? இந்தோனேசியாவை முப்பது வருடத்துக்கு மேல் ஆண்ட சுகார்த்தோவுக்கு ஒரே பெயர்தான். மியான்மரில் குடும்பப் பெயர் வழக்கமே கிடையாது. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்கு நம்மைப் போலவே அப்பா பெயரை ஒட்டித்தான் பெயர்; டெலிபோன் டைரக்டரியைக்கூடச் சொந்தப் பெயரை வைத்துத்தான் அடுக்கினார்கள். நம் பாஸ்போர்ட்டின் அடியில் மெஷின் படிப்பதற்கு 44 எழுத்தில் இரண்டு வரி இருக்கிறதே, அதற்கு விதி வகுத்த சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பே பெயரைப் பிரிக்க முடியாதவர்கள் முழுப் பெயரையும் ஒரே பகுதியாக எழுதலாம் என்கிறது. மிச்ச இடத்தை ‘<’ என்ற கோணக் குறிகளால் நிரப்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான். ஆதாரும் பெயருக்கு ஒரே பெட்டிதான் வைத்திருக்கிறது. நூறு கோடிப் பேருக்கு மேல் அதற்குள் அடங்கியிருக்கிறார்கள். உங்கள் ஆப்பில் மட்டும் ஏன் அடங்க மாட்டார்கள்?

பழைய டேட்டாபேஸ், பத்து சிஸ்டம் அதை நம்பி ஓடுகிறது என்பது நியாயமான சிக்கல், ஒப்புக்கொள்கிறேன். கஷ்டம் என்று சொல்லுங்கள், அடுத்த ரிலீஸில் பார்க்கிறோம் என்று சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள்.

இன்னொருவர் உள்பெட்டியில் வந்து, “எல்லோரையும் போல ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டால் பிரச்சினையே இல்லையே” என்றார். இதற்குப் பதில் சொல்லும்போது என் குரல் உயர்ந்தால் மன்னிக்கவும். எங்களிடமும் ஒன்று இருந்தது. தாத்தாவின் நிலப் பத்திரத்தில் பெயரோடு ஒட்டிக்கொண்டு சாதி நிற்கிறது. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் அது இல்லை. நடுவில் ஒரு தலைமுறை அதை வேண்டுமென்றே உதறியது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. படிப்பில்லாத, பட்டணம் பார்க்காத குடும்பங்கள்கூட மெல்ல மெல்ல அதைக் கேட்டன. அப்படிக் காலியான இடம் அது. அந்த இடத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டு, நிரப்பு, நிரப்பாமல் விட மாட்டேன் என்று நிற்கிறது உங்கள் படிவம். அதை எழுதியவர் மனத்தில் இதெல்லாம் இல்லை, தெரியும். என் மனத்திலும்தான் இல்லை, 2011இல்.

என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் சர்நேம். அதனால் மெயிலிலும் அது முன்னால் வந்து நிற்கும். வெளிநாட்டு டீமில் பாதிப் பேர் அதையே என் பெயர் என்று நினைத்துக்கொண்டு எழுதுவார்கள். முதலில் திருத்திக்கொண்டிருந்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. இன்று காலையும் ஒரு மெயில் வந்திருந்தது. ‘ஹாய் மாடசாமி, நேற்று ராத்திரி பில்ட் ஏன் உடைந்தது?’ கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பதில் எழுதி, கீழே கதிரவன் என்று போட்டு அனுப்பினேன்.