கும்பிட வேண்டாம், கொட்டவும் வேண்டாம்

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அம்மன் கோயில் கொடைவிழாப் பாயசத்தை வாங்கி ஓடையில் கொட்டுகிற அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்தாயிற்று. யார் வீட்டு வாசல், கொட்டினது யார், பின்னாலிருந்து சிரிக்கிற குரல் யாருடையது, எல்லாம் தெருவுக்கே தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. கொட்டினவர் எங்கள் சபைக்காரர், அதனால்தான் எழுதுகிறேன். வேறு ஆள் என்றால் அவர்கள் ஆட்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பேன்.

அம்மன் கொடை முடிந்தால் வீடுவீடாகப் பாயசம் கொடுத்துவிடுவது நம்ம பக்கத்தில் நேற்று முளைத்த பழக்கமா? தூக்குவாளியோடு வந்தது நாலாவதோ அஞ்சாவதோ படிக்கிற பிள்ளை. வேண்டாம் என்றால் "வேண்டாம் மக்ளே, கொண்டு போ" என்று சொன்னால் போதும், அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும். அதைச் செய்யாமல் கையில் வாங்கி, அது பார்க்கப் பார்க்க ஓடையில் கவிழ்த்து, அதைப் படமும் பிடித்து, வேதாகம வசனத்தையும் எழுதி ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார்.

கடைசிப் பகுதியை எத்தனை பேர் கவனித்தீர்கள் என்று தெரியவில்லை. வாளி திரும்பக் கைக்கு வந்ததும் அந்தப் பிள்ளை மூடியைப் போட்டு மூடப் பார்க்கிறது. மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடியும் அழுத்துகிறது. காலி வாளிக்கு மூடி எதற்கு என்று அதற்கு அந்த நேரத்தில் ஓடவில்லை. பிறகு விரலில் ஒட்டின பாயசத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நிற்கிறது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மனை நம்பாமல் இருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. எனக்கும் உண்டு. நான் சிஎஸ்ஐ, தென்னிந்தியத் திருச்சபைக்காரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டதில்லை, எந்தக் கோயில் வாசலிலும் கைகூப்பியதில்லை, இனியும் கூப்ப மாட்டேன். இதில் யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நம்பாமல் இருப்பது ஒன்று, வெறுப்பது இன்னொன்று. இதை எத்தனை தடவை சொல்லவும் தயார்.

உடனே வசனத்தோடு வருவீர்கள். வாருங்கள். விக்கிரகத்துக்குப் படைத்ததை விலக்கச் சொல்லி அப்போஸ்தலர் நடபடிகள் 15-இல் இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னது? 1 கொரிந்தியர் 8-ஐயும் 10-ஐயும் படித்துவிட்டு வந்து பேசுங்கள். அவிசுவாசி ஒருவன் சாப்பிடக் கூப்பிட்டு, உனக்குப் போக மனமிருந்தால் போ, முன்னால் வைப்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார் பவுல். இது படைத்தது என்று ஒருவன் சொன்னால் மட்டும் சாப்பிடாதே என்கிறார். சாப்பிடாதே, அவ்வளவுதான். கொடுத்தவன் முகத்துக்கு முன்னால் கொட்டு என்று எந்த அதிகாரத்தில் இருக்கிறது? சமாரியர்களை யூதர்கள் அண்டமாட்டார்கள். அந்தச் சமாரியப் பெண்ணிடம்தான் கிணற்றங்கரையில் இயேசு குடிக்கத் தண்ணீர் கேட்டார். இதை ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கினவர்கள்தானே நாம்?

என் பெரியம்மையைப் பற்றிச் சொல்கிறேன். அம்மைக்கு மூத்தவள். அம்மை கல்யாணத்தோடு கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தாள், பெரியம்மை கடைசிவரை சாமி கும்பிட்டாள். தக்கலைப் பக்கத்தில் ஒரே தெருவில்தான் இரண்டு வீடும். கொடைக்குப் பாயசம் வைத்தால், பூசைக்கு எடுத்துப் போகும் முன்பே ஒரு சின்னச் செம்பில் தனியாகக் கோரி அடுக்களைத் திண்டில் மூடி வைத்துவிடுவாள். "இது படைக்காததாக்கும், உங்க அம்மைக்கு" என்று என் கையில்தான் கொடுத்து விடுவாள். அம்மை படைத்ததைத் தொடமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். அதற்காக அவள் கோபப்பட்டதுமில்லை, என் சாமி என்ன குறைச்சல் என்று சண்டைக்கு வந்ததுமில்லை. அம்மையும் அப்படித்தான். பெரியம்மைக்குச் செவ்வாயும் வெள்ளியும் விரதம். கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால் கறிச்சோறு அந்த வீட்டுக்குப் போகாது. முறுக்கும் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும்தான் போகும், கறி சனிக்கிழமை தனியாகப் போகும். இரண்டு பேருக்கும் எழுத்து கூட்டி வாசிக்கத்தான் தெரியும். மத நல்லிணக்கம் என்று யாரும் வந்து அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. பட்டம் வாங்கி, வெளிநாடு போய்ச் சம்பாதித்து வந்த நமக்கு அந்தச் செம்பைத் தனியாக எடுத்துவைக்கிற மரியாதை ஏன் வரவில்லை?

குமரியில் இது என் ஒருத்தி வீட்டுக் கதை இல்லை. 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தபோது நம் முன்னோர் கூட்டமாக வேதத்துக்குப் போனது ஏன்? மேலே துணி போட விடாத, வரிமேல் வரி போட்ட, தெருவில் நடக்க விடாத காலம் அது. பெண்கள் மேலாடை போட 1859-இல்தான் திருவிதாங்கூர் ராஜா அறிக்கை விட்டார். அதே கொடுமையைத் தாங்காமல்தான் சாமிதோப்பில் அய்யாவழியைத் தொடங்கிய வைகுண்டசாமி, குனிந்து நின்றவர்களின் தலையில் தலைப்பாகையைக் கட்டவைத்தார். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம் போனான், தம்பி இன்னொரு பக்கம் போனான். இரண்டு பேரும் ஓடினது ஒரே அடிக்குப் பயந்து. கோயிலுக்குள் எல்லாரும் போகலாம் என்ற பிரகடனம் 1936-இல்தான் வந்தது. இன்றைக்கு அந்த அண்ணன் பேரனும் தம்பி பேரனும் ஒருவர் முகத்தில் ஒருவர் துப்பவா அவர்கள் இவ்வளவு பட்டார்கள்?

2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு 48 சொச்சம் இந்துக்கள், 46 சொச்சம் கிறிஸ்தவர்கள், 4 சொச்சம் முஸ்லிம்கள். யாரும் யாரையும் தள்ளிவைத்துவிட்டு இங்கே பிழைக்க முடியாது. கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3-இல் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. உப்பும் நல்லமிளகும் வாங்கிக்கொண்டு அங்கே வருகிறவர்களில் நெற்றியில் பொட்டும் விபூதியும் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று ஒருநாள் போய் நின்று பாருங்கள். அவர்கள் கொண்டுவரும் உப்பை யாராவது ஓடையில் கொட்டுகிறார்களா?

"அவங்க மட்டும் யோக்கியமா அக்கா?" என்று இன்பாக்ஸில் கேட்ட தம்பிகளுக்கு. இல்லை. வீடியோ வந்த அன்று ராத்திரியே மறுபக்கத்திலிருந்து ஒரு ஆடியோ வந்தது, நானும் கேட்டேன். வேதக்காரன் கடையில் சாமான் வாங்காதே, கரோல் பாட வந்தால் கேட்டைத் திறக்காதே என்று. கேவலம்தான். அதைப் பேசினவனை அவன் ஊர்க்காரர்கள் கேட்கட்டும். ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் வீடியோ, பிறகுதான் ஆடியோ. அவன் வாயில் அந்தப் பேச்சை எடுத்துக் கொடுத்தது நம் ஆள்.

மதமாற்றத்தைப் பற்றி இந்தப் பதிவின் கீழே வந்து கத்தப் போகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பாயசம் கொண்டு வந்த பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எனக்கு வலித்தது இன்னொன்று. எங்கள் சபைக் குழுவிலேயே ஒரு பெரியவர், நான் மதிக்கிற மனுஷன், "விசுவாசத்தில் உறுதி இல்லாதவர்களுக்குத்தான் இது தப்பாகத் தெரியும்" என்று எழுதினார். கீழே வரிசையாக ஆமென். என் அப்பாவின் அடக்கத்தன்று பந்தலுக்குக் கால் நட்டதும், வந்தவர்களுக்குக் கட்டன் காப்பி போட்டுக் கொடுத்ததும் கொடைக் கமிட்டிப் பையன்கள்தான். எங்கள் போதகர் ஐயர் ஜெபித்து முடிக்கும்வரை தோர்த்தைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு அந்தப் பெரியவரும் அந்தக் காப்பியைக் குடித்தார். போட்டது எந்தக் கை என்று கேட்டுக்கொண்டா குடித்தார்? அவருடைய விசுவாசம் அன்றைக்கு எங்கே போயிருந்தது?

சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்கிறீர்கள். மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எப்படி வாய் வருகிறது? 1982 மார்ச்சில் மாசிக் கொடை நேரத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் மூண்ட கலவரம் துப்பாக்கிச்சூடு வரை போனது. கடற்கரை ஊர்களில் வீடுகள் எரிந்தன. வேணுகோபால் கமிஷன் வந்து விசாரித்தது, குன்றக்குடி அடிகளார் வந்து ஊர் ஊராகச் சமாதானம் பேசினார். அதற்கு முன்னால் சுவரில் எழுதினதையும் மைக்கில் பேசினதையும் அப்போதும் சின்ன விஷயம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எனக்கு விவரம் தெரியாத வயது. ஊரடங்கு நாட்களில் பெரியம்மை பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்தாள் என்று அம்மை சொல்லிக் கேட்டிருக்கிறேன். "எவன் வாறான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாளாம். அவள் கும்பிட்ட சாமிக்கு வைத்த பாயசத்தைத்தான் இன்றைக்கு என் சபைக்காரன் ஓடையில் கொட்டியிருக்கிறான். நான் நியாயமாகப் பேச வேண்டுமாம், குரலை உயர்த்தக்கூடாதாம்.

அடுத்த மாதம் நம் சபையில் அசனம், அதாவது சபை விருந்து, வருகிறது. அரிசியும் தேங்காயும் வாங்க வழக்கம்போல எல்லாத் தெருவுக்கும் போவோம். அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒரு பக்கா அரிசி வருகிறது, கணக்கு நோட்டைப் புரட்டிப் பாருங்கள், பெயர் இருக்கும். இந்த வருஷம் அந்த வாசலில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போவது யார்? நான் போக மாட்டேன். சபைக் கமிட்டி அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு முதலில் அந்த வீட்டுக்குப் போகட்டும். பெரியவர்களிடம் பேசினால் போதாது, வாளி கொண்டு வந்தவளிடம் பேச வேண்டும். அதற்குப் பிறகு நோட்டை என்னிடம் கொடுங்கள்.